மூடினால் சாம்பல் கடல், திறந்தால் பொன்: தஞ்சாவூர்ப் பட்டறை ஒன்று செய்து தந்த முப்பலகை ஓவியம்

தஞ்சாவூர் நகருக்குள் பல தலைமுறைகளாகப் பலகைப்படம் எழுதிவரும் ஒரு குடும்பத்தின் சிறிய பட்டறையில், எங்கள் வீட்டுச் செபப் பீடத்துக்காக வேளாங்கண்ணி மாதா படம் ஒன்றைச் சொல்லிச் செய்வித்தோம். வழக்கமான ஒற்றைப் பலகையாக இல்லாமல், நடுவில் 24 அங்குல உயரமும் 18 அங்குல அகலமும் உள்ள ஒரு பலகையும், அதன் இருபுறமும் கீல் வைத்துப் பொருத்திய 9 அங்குல அகலக் கதவுப் பலகைகளும் கொண்டதாக, ஓவிய உலகில் டிரிப்டிக் என்று வழங்கும் முப்பலகை வடிவில் அது அமைய வேண்டும் என்று கேட்டிருந்தோம். படம் இப்போது வீட்டில் இருக்கிறது. பொன் வேலையிலும் முகம் எழுதிய விதத்திலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த வடிவத்துக்குரிய இலக்கணம் பட்டறைக்குப் பழக்கமில்லாதது என்பதால், பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதோடு எங்கள் வேலை முடியவில்லை. கோட்டுப்படம் முதல் கீல் வரை ஒவ்வொன்றிலும் பேசித் தீர்க்க வேண்டியவை இருந்தன. இதே போன்ற வேலையைச் செய்விக்க எண்ணுவோருக்குப் பயன்படும் என்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடைகளில் மூன்று படங்களுக்குப் பஞ்சமில்லை. கும்பகோணத்திலும் திருச்சியிலும் அறைகலன் கடைகளில், ஒரே மரத்தையோ ஒரே அருவியையோ மூன்று துண்டாக அறுத்து அச்சிட்ட படங்கள் தொங்குகின்றன. தஞ்சாவூர் ஓவியம் விற்கும் கடைகளில் பிள்ளையார், இலட்சுமி, சரசுவதி ஆகிய மூவரையும் ஒரே அளவுள்ள மூன்று சட்டங்களில் வைத்துத் தொகுப்பாகத் தருகிறார்கள். சுவரை நிரப்ப இரண்டுமே போதும். முப்பலகை ஓவியத்தின் பொருளோ, நடுப்பலகைக்கும் ஓரப் பலகைகளுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்விலும், அவை மூடித் திறப்பதிலும் இருக்கிறது. ஓரப் பலகை ஒவ்வொன்றும் நடுப்பலகையில் சரிபாதி அகலம் இருந்தால்தான் இரண்டும் மடங்கி வந்து நடுவில் சந்தித்து அதை முழுவதும் மூடும். பட்டறையார் முதலில் போட்டுக் காட்டிய கோட்டுப்படத்தில் மூன்று பலகைகளும் ஒரே அகலத்தில் இருந்தன. தொகுப்புப் படம் செய்து பழகிய கைக்கு அதுவே இயல்பாக வந்திருக்கிறது. கதவு மூட வேண்டும் என்பதைச் செய்தித்தாளை வெட்டி மடித்துக் காட்டிய பிறகே அளவு மாறியது.

இந்த வடிவம் பெரிய தேவாலயங்களின் பலிபீடங்களுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் உண்டு. கிழக்கு உரோமைப் பேரரசான பைசாந்தியத்தில் 10ஆம் நூற்றாண்டிலேயே, கையில் எடுத்துச் செல்லக்கூடிய தந்தத்தாலான சிறு முப்பலகைகளைச் செய்திருக்கிறார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள ஹார்பவில் முப்பலகை அவற்றில் புகழ்பெற்றது. வீட்டுச் செபத்துக்கென்று செய்தவற்றில் நான் மிகவும் மதிப்பது, ராபர்ட் கம்பானின் பட்டறையில் 1427க்கும் 1432க்கும் இடையில் உருவானதாகக் கருதப்படும் மெரோட் பலிபீட ஓவியம். இன்று நியூயார்க்கின் குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்திலிருக்கும் அதன் உயரம் ஏறத்தாழ 64 சென்டிமீட்டர்தான். எங்கள் படமும் கிட்டத்தட்ட அதே உயரம். நடுவில் கபிரியேல் வானதூதர் மரியாவுக்கு, இயேசு பிறக்கப்போவதை அறிவிக்கும் மங்கள வார்த்தை சொல்ல வந்திருக்கிறார். இடப் பலகையில் படத்தைச் செய்வித்த கணவனும் மனைவியும் திறந்த கதவுக்கு வெளியே முழந்தாளிட்டிருக்கிறார்கள். வலப் பலகையில் சூசையப்பர் தம் தச்சுப் பட்டறையில் எலிப்பொறி செய்துகொண்டிருக்கிறார். எலிப்பொறிக்கும் மங்கள வார்த்தைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சிலுவையைச் சாத்தானுக்கு வைத்த பொறியாகப் புனித அகுஸ்தீனார் சொன்னதோடு அதை இணைத்துப் படிப்பது அறிஞர்களின் வழக்கம். நடுப்பலகையில் தெய்வச் செயல் நடக்கிறது. ஓரங்களில் மனிதர்களின் வாசலும் வேலையிடமும் இருக்கின்றன. உட்செல்லச் செல்லப் புனிதம் கூடும் இந்த அடுக்கு, வெளிப்பிரகாரமும் உட்பிரகாரமும் கருவறையும் கண்டு வளர்ந்த காவிரிக் கரைக்காரருக்கு விளக்கம் இல்லாமலேயே புரியும்.

செய்வித்தவர்களை ஓரத்தில் எழுதும் பழக்கத்தைப் பற்றி நான் சொன்னபோது, பட்டறையின் மூத்த ஓவியர், "அப்படியானால் உங்கள் குடும்பத்தையும் எழுதிவிடலாமே சார்?" என்று ஆர்வத்துடன் கேட்டார். நம் பக்கத்தில் அதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை: செம்பியன் மாதேவியார் கோனேரிராசபுரத்தில் எடுப்பித்த கற்றளியில், அவர் கணவர் கண்டராதித்த சோழர் இலிங்கத்தை வணங்கும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ஆனால் என் அம்மா உடன்படவில்லை. "மாதாவுக்குப் பக்கத்தில் நிற்க நாம் யாரடா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆகவே ஓரப் பலகைகளுக்கு வேறு பொருள் தேட வேண்டியதாயிற்று.

பொருள் அருகிலேயே இருந்தது. வேளாங்கண்ணியில் மரபாகச் சொல்லப்படும் நிகழ்வுகள் மூன்று. குளத்தங்கரையில் பால்காரச் சிறுவனிடம் மாதா தம் குழந்தைக்குப் பால் கேட்டது முதலாவது. நடுத்திட்டில் ஆலமரத்தடியில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் அவரிடம் செய்தி பெற்று எழுந்து நடந்தது இரண்டாவது. மக்காவோவிலிருந்து இலங்கைக்குச் சென்ற போர்த்துக்கீசியக் கப்பல் புயலில் சிக்கி, மாதாவின் பிறந்தநாளான செப்டம்பர் 8 அன்று கரை சேர்ந்தது மூன்றாவது. மூன்று நிகழ்வுகள், மூன்று பலகைகள் என்று வரிசையாக நிரப்பிவிடலாம் என்பதே பட்டறையின் முதல் யோசனை. அப்படிச் செய்திருந்தால் நடுப்பலகை மாதாவுக்கு உரியதாக இல்லாமல் கதையின் நடுப்பகுதிக்கு உரியதாகியிருக்கும். யார் நடுவில் என்ற கேள்விக்கு இந்த வடிவம் தரும் விடையே குலைந்திருக்கும். இறுதியில் நடுவில் சேலை அணிந்த மாதாவும் குழந்தையும், இடக் கதவின் உட்புறத்தில் பால்காரச் சிறுவன், வலக் கதவின் உட்புறத்தில் மோர்க்காரச் சிறுவன், கதவுகளை மூடினால் அவற்றின் வெளிப்புறத்தில் கப்பல் என்று முடிவாயிற்று.

இட வலம் பற்றி ஓவியருக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேற்கத்திய முப்பலகைகளில் நடுவிலிருப்பவரின் வலக்கைப் பக்கம், அதாவது பார்ப்பவருக்கு இடப்பக்கம், மேன்மைக்குரியது. போலந்தின் கிதான்ஸ்க் நகரிலுள்ள ஹான்ஸ் மெம்லிங்கின் பொதுத்தீர்ப்பு ஓவியத்தில் மீட்கப்பட்டவர்கள் அந்தப் பக்கம் விண்ணக வாசலில் ஏறுகிறார்கள். தண்டனை பெற்றவர்கள் மறுபக்கம் நெருப்பில் விழுகிறார்கள். பெருமாளுக்கு வலத்தில் ஸ்ரீதேவி, இடத்தில் பூதேவி என்றும், சோமாஸ்கந்தத்தில் இறைவனுக்கு இடப்புறம் உமை, இருவருக்கும் நடுவில் கந்தன் என்றும் கணக்காக எழுதிப் பழகிய ஓவியர், முதல் நிகழ்வு மாதாவின் வலக்கைப் பக்கம்தான் வர வேண்டும் என்று தாமே சொன்னார். காலவரிசையும் அதோடு ஒத்துப்போனது.

அதைவிடக் கடினமாக இருந்தது மூன்று பலகைகளையும் ஒரே காட்சியாக இணைப்பது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பேராலயத்தில் ஓவியர் ரூபன்ஸ் எழுதிய இரண்டு முப்பலகைகள் இருக்கின்றன. 1610-11இல் எழுதிய சிலுவை உயர்த்தும் காட்சியில் நிகழ்ச்சி மூன்று பலகைகளிலும் தொடர்ந்து ஓடுகிறது: ஒருபுறம் அழும் பெண்கள், நடுவில் சிலுவையைத் தூக்கும் ஆட்கள், மறுபுறம் குதிரையில் உரோமை வீரர். 1612-14இல் எழுதிய சிலுவையிலிருந்து இறக்கும் காட்சியில் ஓரப் பலகைகள் வேறு நிகழ்வுகளைக் காட்டுகின்றன: ஒன்றில் கருவுற்ற மரியா எலிசபெத்தம்மாளைச் சந்திக்கிறார், மற்றதில் முதியவர் சிமியோன் கோயிலில் குழந்தையை ஏந்துகிறார். மூன்றிலும் கிறிஸ்துவை யாரோ சுமக்கிறார்கள் என்பதே இணைப்பு. கதவுகளின் வெளிப்புறத்தில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்த புனித கிறிஸ்தோபர் நிற்கிறார். செய்வித்த துப்பாக்கி வீரர் சங்கத்துக்கு அவரே பாதுகாவலர்.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஓவியர் இடைமறித்து, "திருவனந்தபுரத்தில் மூன்று வாசல் வழியாகப் பார்க்கிற மாதிரியா?" என்று கேட்டார். மேற்கத்திய உதாரணங்கள் அத்தனையையும்விட அவர் சொன்ன உதாரணமே பொருத்தமானது. அங்கே அனந்தசயனப் பெருமாளின் திருமுகத்தை ஒரு வாசலிலும், நாபிக்கமலத்தை நடுவாசலிலும், திருவடியை மூன்றாம் வாசலிலும் சேவிக்கிறோம். இடையிலுள்ள சுவர் எதையும் துண்டிப்பதில்லை. உடல் ஒன்றுதான் என்று பார்ப்பவரின் மனம் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பேச்சுக்குப் பிறகு அவர் வரைந்த கோட்டுப்படத்தில், மாதாவின் பீடத்தின் கீழே தொடங்கும் நீர் வரி, ஒருபுறம் பால்காரச் சிறுவனின் குளமாகவும் மறுபுறம் நடுத்திட்டை ஒட்டிய வாய்க்காலாகவும் மூன்று பலகைகளிலும் ஒரே மட்டத்தில் ஓடியது. நான் கேட்காமல் வந்த திருத்தம் அது. முழுப் படத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே.

வெளிப்புறத்தைப் பற்றித்தான் நீண்ட வாதம் நடந்தது. "பின்பக்கத்தை யார் சார் பார்க்கப் போகிறார்கள்? துணி ஒட்டி வார்னிஷ் அடித்துவிடலாம்" என்பது பட்டறையின் நிலை. வட ஐரோப்பியத் தேவாலயங்களில் இத்தகைய ஓவியங்கள் சாதாரண நாட்களில் மூடியே இருந்து, திருநாட்களில் மட்டும் திறக்கப்பட்டன. மூடிய நிலையில் தெரியும் வெளிப்புறத்தைப் பெரும்பாலும் கல்சிலை போலத் தோன்றும் சாம்பல் நிற ஒற்றை வண்ணத்தில் எழுதினார்கள். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்திலுள்ள ஹீரோனிமஸ் போஷின் இன்பத் தோட்ட ஓவியம் இதற்குப் பெயர் பெற்றது. மூடியிருக்கும்போது படைப்பின் மூன்றாம் நாள் உலகம், மனிதரோ விலங்கோ இல்லாமல், கண்ணாடிக் கோளம் போலச் சாம்பலாகத் தெரிகிறது. திறந்தால் இடப்பக்கம் ஏதேன், நடுவில் இன்பத்தில் திளைக்கும் கூட்டம், வலப்பக்கம் நரகம் என்று கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். சன்னதியில் அலங்காரம் முடியும்வரை திரை போட்டுத் தீபாராதனைக்கு விலக்குவதையும், பாடுகளின் காலத்தில் எங்கள் கோவில்களில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவதையும் எடுத்துச் சொன்ன பிறகு, மூடிய பக்கமும் படத்தின் பாதிதான் என்பதை ஓவியர் ஏற்றுக்கொண்டார்.

ஏற்றுக்கொண்டதும் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. தஞ்சாவூர் முறையில் பழகிய கைக்குப் பொன்னும் சிவப்பும் பச்சையும் இல்லாமல் எழுதுவது கடினம். முதல் வரைவில் போர்த்துக்கீசியரின் கப்பல் நாகப்பட்டினத்து விசைப்படகைப் போலவே இருந்தது. கொடி மட்டும்தான் குறை. பழைய பாய்மரக் கப்பல்களின் படங்களைக் கொடுத்த பிறகு உருவம் திருந்தியது. கதவுகள் சந்திக்கும் இடுக்கு சரியாகப் பாய்மரத்தின் மேல் விழாதபடி, மரத்தை இடக் கதவுக்குள் தள்ளி, கிழிந்த பாயை மட்டும் வலக் கதவுக்கு நீட்டியிருக்கிறார்கள். அலைகளைச் சுருள் சுருளாக, கோவில் சுவரோவியத்தில் வருவது போலவே எழுதியிருக்கிறார்கள். புயலின் வேகம் அதில் இல்லை என்று என் தம்பி சொல்கிறான். எனக்கோ அந்தச் சுருள்கள் இந்தப் பட்டறையின் கையெழுத்தாகத் தெரிகின்றன. ஐரோப்பியக் கடலைப் பார்த்து எழுதியிருந்தால் அது யாருடைய படமாகவும் இருந்திருக்கும். கதவைத் திறக்கும்போது கப்பல் இரண்டாகப் பிரிந்து விலக, நடுவில் பொன் துலங்குகிறது.

தொழில்நுட்பமாகப் பெரிய இடர், தஞ்சாவூர் ஓவியம் சமதளமாக இல்லாமல் புடைத்திருப்பதால் வந்தது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்து பூசித் தேய்த்து, அணிகலன்களும் மண்டபத் தூண்களும் வரும் இடங்களில் மக்கு என்னும் கெட்டிப் பசையை வைத்து உயர்த்தி, கல் பதித்து, அதன்மேல் பொன் தாள் ஒட்டுவதே இதன் முறை. தட்டையான எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு ஏற்ற மடிப்புக் கதவை இதில் அப்படியே வைத்தால், மூடும்போது மகுடத்துக் கல் கதவின் உட்புற ஓவியத்தில் உரசும். சட்டத்தின் விளிம்பை முக்கால் அங்குலம் உயர்த்தி இடைவெளி விட வேண்டும் என்று முன்கூட்டியே பேசியிருந்தும், வந்திறங்கிய படத்தில் வலக் கதவில் ஒரு சிறு இடத்தில் பொன் தேய்ந்திருந்தது. மகுடத்தின் உச்சிக்கல் பேசிய உயரத்தைத் தாண்டியதே காரணம். சொன்னவுடன் எடுத்துச் சென்று கல்லை மாற்றிப் பொன் தாளையும் கட்டணமின்றி ஒட்டித் தந்தார்கள். இதில் முணுமுணுப்பு எதுவும் இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கீலில் அவ்வளவு திருப்தி இல்லை. பக்கத்துக்கு இரண்டு சிறிய பித்தளைக் கீல்களே முதலில் இருந்தன. கதவு முன்பக்கம் தொங்கி, மூடும்போது நடுவில் ஒரு நூல் வித்தியாசம் தெரிந்தது. பட்டறை இந்த வேலையை வெளியில் ஒரு தச்சரிடம் கொடுத்திருந்தது. அவர் அலமாரிக் கதவுக்குரிய கணக்கையே போட்டிருந்தார். பின்னர் மூன்று கீல்கள் வைத்துச் சரிசெய்தார்கள் என்றாலும், முதலில் ஆணி அடித்த துளைகள் மெழுகு வைத்து அடைத்த பிறகும் உற்றுப் பார்த்தால் தெரிகின்றன. கதவுகளுக்குக் கண்ணாடி போட வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம். எடை கூடினால் கீல் தாங்காது. அதனால் தூசு பற்றிய கவலை எங்களுடையது. ஈரத்துணி கூடாது, மென்தூரிகையால் தட்டுவதே போதும், மெழுகுவர்த்தியைப் பீடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மரத்துக்குப் பலாப் பலகை வேண்டுமா, பிளைவுட் போதுமா என்று கேட்டார்கள். பழைய படங்கள் பலாவில் செய்யப்பட்டவை. ஆனால் கதவு வளையாமல் இருக்க வேண்டும் என்பதால் கதவுகளுக்கு மட்டும் நீர்புகாப் பிளைவுட்டும் நடுவுக்குப் பலாவும் வைத்தோம். ஐப்பசி மழையில் மக்கு காயாது என்று சொல்லி வேலையை நிறுத்திவைத்தது எரிச்சலைத் தந்தது உண்மை. எனினும் ஈரத்தோடு பொன் ஒட்டி அவசரமாக அனுப்பியிருந்தால் அடுத்த கோடையில் விரிசல் விட்டிருக்கும். பொன் தாளின் ஏட்டை எங்கள் முன்னாலேயே பிரித்தார்கள். மலிவுப் படங்களில் ஒட்டும் போலித் தாள் சில ஆண்டுகளில் கறுத்துவிடும் என்பதால், எந்தப் பட்டறையிலும் இதைப் பார்க்கக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

முகங்களைப் பற்றி ஒரு வரி. தஞ்சாவூர் ஓவியத்தின் உருண்டை முகமும் பாதாம் கண்ணும் மாதாவுக்கும் குழந்தைக்கும் பொருந்திவிட்டன. மோர்க்காரச் சிறுவனின் முகமோ வெண்ணெய்க் கண்ணனாகவே இருக்கிறது. பானையும் அருகில் இருப்பதால் வீட்டுக்கு வரும் விருந்தினர் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மாற்றச் சொல்ல மனம் வரவில்லை.

சமயத் தொடர்பில்லாத நவீன முப்பலகை வேண்டுவோருக்கு இந்தப் பட்டறையைப் பரிந்துரைக்க மாட்டேன். பிரிட்டிஷ் ஓவியர் பிரான்சிஸ் பேக்கன் 1944இல் எழுதிய, லண்டன் டேட் அருங்காட்சியகத்திலுள்ள முப்பலகையில் மூன்று உருவங்களும் தனித்தனியே அடைபட்டு ஒன்றோடொன்று பேசாமல் அலறுகின்றன. இந்திய ஓவியர் தயேப் மேத்தாவின் 'செலிப்ரேஷன்' என்ற முப்பலகை 2002இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு விற்று, அன்றைய இந்திய ஓவியங்களின் விலை வரம்பையே மாற்றியது. மூன்று என்ற எண்ணின் தெய்வத்தன்மையைக் கழற்றிவிட்டு, பலகைகளுக்கு இடையிலுள்ள வெளியையே ஓவியமாக்கும் அந்த வழி வேறு. பொன்னும் கல்லும் அதற்கு இடையூறு.

விலை, இதே மொத்தப் பரப்பளவுள்ள ஒற்றைப் பலகைப் படத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு ஆனது. வெளிப்புற ஓவியத்துக்கும் தச்சு வேலைக்கும் தனிக்கட்டணம் என்பதை முன்பணம் வாங்கும்போது வாய்மொழியாகச் சொன்னார்களே தவிர எழுதவில்லை; கணக்கு முடிக்கும்போது அதில் சிறு மனக்கசப்பு வந்தது. ஆகவே செய்விப்போர் பலகைகளின் அளவு, கல்லின் உயர வரம்பு, சட்ட விளிம்பின் உயரம், கீல்களின் எண்ணிக்கை, வெளிப்புற ஓவியத்தின் கட்டணம் ஆகியவற்றைக் கோட்டுப்படத்தின் ஓரத்திலேயே எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. கார்த்திகைக்குப் பின் வேலையைத் தொடங்கினால் மழையால் வரும் தாமதமும் இருக்காது. அடுத்து ஒரு வைணவக் குடும்பம் ஸ்ரீரங்கப்பட்டணம், சிவசமுத்திரம், திருவரங்கம் ஆகிய காவிரியின் மூன்று அரங்கங்களையும் முப்பலகையாகக் கேட்டிருப்பதாகவும், பள்ளிகொண்ட கோலத்தை 9 அங்குலக் கதவுக்குள் எப்படி அடக்குவது என்று தெரியவில்லை என்றும் ஓவியர் சொன்னார். கதவின் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டச் சொல்லி, செய்தித்தாளில் இன்னொரு மாதிரியை மடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.